பீத்தோவன் வயலின் கான்செர்டோ: முதலில் எந்தப் பதிவைக் கேட்பது?

பீத்தோவனின் வயலின் கான்செர்டோவை, அதாவது ஒரு வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, கேட்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். ஹைஃபெட்ஸ், மெனுஹின், ஓய்ஸ்ட்ராக், முட்டர், ஃபௌஸ்ட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அப்புறம் கேட்கிறார்கள்: "இதில் எது?"

நியாயமான கேள்விதான். எல்லாரும் வாசிப்பது ஒரே சுரங்கள். ஆனால் ஒருவர் சுமார் 38 நிமிடத்தில் முடிக்கிறார், இன்னொருவர் 48 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். பத்து நிமிட வித்தியாசம் சின்ன விஷயமில்லை. இருவரும் ஒரே படைப்பைத்தான் வாசிக்கிறார்களா என்றே சந்தேகம் வரும்.

நான் முதலில் கேட்டது ஹைஃபெட்ஸின் பதிவு. கேட்டதும் மயங்கினேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடம் வேறு யார் வாசித்தாலும் இழுவையாகத் தோன்றியது. குறை அவர்களிடம் இல்லை. முதலில் காதில் ஏறியது அளவுகோலாக உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு கேட்டதெல்லாம் அந்த அளவுகோலில் நீளம் கூடியதாகவோ குறைந்ததாகவோதான் பட்டது. முதல் பதிவைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் படைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் ஃபிரான்ஸ் க்ளெமென்ட் இதை முதன்முதலாக வாசித்தார். அப்போது பெரிதாக எடுபடவில்லை. 1844ல் லண்டனில், மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, 12 வயது யோசஃப் யோவாக்கிம் வாசித்த பிறகுதான் இதற்கு இன்றுள்ள இடம் கிடைக்கத் தொடங்கியது. மொத்தம் மூன்று பகுதிகள். முதல் பகுதி மட்டுமே மற்ற இரண்டையும் சேர்த்த அளவுக்கு நீளம்.

பதிவுகளை ஒப்பிட நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

காலப்பிரமாணம். முதல் பகுதிக்கு பீத்தோவன் எழுதியது "அலெக்ரோ மா நான் ட்ரோப்போ". விரைவாக, ஆனால் அளவு மீறாமல் என்று பொருள். 'விரைவாக' என்பதை ஒரு கட்சி பிடித்துக்கொள்கிறது, 'அளவு மீறாமல்' என்பதை இன்னொரு கட்சி. பதிவுகளுக்குள் இருக்கும் பாதிச் சண்டை இந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

இசைக்குழுவின் பங்கு. இந்தக் கான்செர்டோ டிம்பனி என்ற பெரிய முரசின் ஐந்து மெல்லிய தட்டுகளோடு தொடங்குகிறது. முதல் நான்கு தட்டுகளில் வேறு எந்த வாத்தியமும் கூட இல்லை. வயலின் கலைஞர் வாசிக்கத் தொடங்க மூன்று நிமிடம் போல ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் கதையைச் சொல்லிவிடுவது இசைக்குழுதான். பத்தாவது தாள அளவில் (பாரில்) முதல் வயலின்கள் அதே ஐந்து தட்டுத் தாளத்தை டி ஷார்ப் என்ற அந்நியச் சுரத்தில் தொடுகின்றன. அது உங்களைத் திடுக்கிட வைக்கிறதா, இல்லை சத்தமில்லாமல் கடந்து போகிறதா? இசையை நடத்துகிறவர் யார் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஜி மைனர் இடம். முதல் பகுதியின் நடுவைத் தாண்டியதும் எல்லாம் அடங்கி, வயலின் தனியாக ஜி மைனர் என்ற சோகச் சாயலுள்ள சுரவரிசையில் ஒரு மெட்டைப் பாடும். பின்னால் காற்று வாத்தியங்கள் ஐந்து தட்டின் தாளத்தை மெல்ல நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்கள் இங்கே வேகத்தைக் குறைத்து விடுகிறார்கள். குறைக்கச் சொல்லி பீத்தோவன் எழுதவில்லை. ஒரு கலைஞர் இந்தப் படைப்பை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அறிய இந்த ஒரு நிமிடம் போதும் என்பது என் நம்பிக்கை.

கெடென்சா. முதல் பகுதி முடியும் தறுவாயில் இசைக்குழு நின்றுவிடும். கலைஞர் தனியாக, தன் மனோதர்மப்படி வாசிக்க வேண்டிய இடம் அது. வயலினுக்காக பீத்தோவன் எதுவும் எழுதி வைக்கவில்லை. அதனால் பதிவுக்குப் பதிவு இந்த இடம் மாறும். இதற்குத் தனியாக வருகிறேன்.

ஒலிப்பதிவு. மோனோவா ஸ்டீரியோவா, ஒலிவாங்கி வயலினுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது, அரங்கின் காற்று கேட்கிறதா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

| பதிவு (வயலின் – நடத்துபவர், இசைக்குழு) | ஆண்டு | மொத்த நேரம் (சுமார்) | கெடென்சா | ஒலி |
|---|---|---|---|---|
| ஹைஃபெட்ஸ் – மன்ஷ், பாஸ்டன் சிம்ஃபனி | 1955 | 38 நிமிடம் | லியோபோல்ட் ஆவர், யோவாக்கிம் இருவரும் எழுதியவற்றைத் தழுவி ஹைஃபெட்ஸ் | ஸ்டீரியோ, வயலின் மிக அருகில் |
| மெனுஹின் – ஃபுர்ட்வெங்ளர், ஃபில்ஹார்மோனியா | 1953 | 45 நிமிடம் | க்ரைஸ்லர் | மோனோ |
| ஓய்ஸ்ட்ராக் – க்ளூய்டென்ஸ், பிரெஞ்சு வானொலி தேசிய இசைக்குழு | 1958 | 44 நிமிடம் | க்ரைஸ்லர் | ஸ்டீரியோ |
| முட்டர் – காராயன், பெர்லின் ஃபில்ஹார்மானிக் | 1979 | 48 நிமிடம் | க்ரைஸ்லர் | ஸ்டீரியோ |
| ஃபௌஸ்ட் – அப்பாடோ, ஆர்க்கெஸ்ட்ரா மோட்சார்ட் | 2010 (வெளியீடு 2012) | 40 நிமிடம் | பீத்தோவனின் பியானோ வடிவத்திலிருந்து | டிஜிட்டல் |

## ஹைஃபெட்ஸ், மன்ஷ் (1955)

ஹைஃபெட்ஸ் எங்கும் நின்று மூச்சு வாங்குவதில்லை. ஜி மைனர் இடத்திலும் ஏறக்குறைய அதே நடை. ஒரு சுரம்கூடப் பிசகாது, வில் தடுமாறாது. 'விரைவாக' என்ற சொல்லை இவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. இவர் வாசிப்பை உணர்ச்சியில்லாத வாசிப்பு என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் பகுதியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். இசைக்குழுவின் தந்திகள் அடக்கிய குரலில் மெட்டைச் சொல்ல, மேலே வயலின் நூல் நூற்பது போல மெல்லிய வேலைப்பாடு செய்துகொண்டே போகும். அதில் குளிர்ச்சி இல்லை, கட்டுப்பாடு இருக்கிறது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை இரண்டு. ஒன்று, வயலின் முகத்துக்கு நேரே ஒலிக்கிறது, இசைக்குழு பின்வரிசைக்குப் போய்விடுகிறது. இந்தப் படைப்பில் வயலின் பல நேரம் காற்று வாத்தியங்களைச் சுற்றிக் கொடி போலப் படர வேண்டும். இங்கே அந்தக் கொடி மட்டும் தெரிகிறது, மரம் மங்கலாக இருக்கிறது. இரண்டாவது விலையை முன்பே சொன்னேன். இதை முதலில் கேட்டால் மற்றதெல்லாம் மெதுவாகத் தோன்றும்.

டோஸ்கானினி இசைக்குழுவை நடத்த, 1940ல் ஹைஃபெட்ஸ் செய்த பதிவும் இருக்கிறது. அது இன்னும் இறுக்கமானது, வறண்ட ஒலி. முதல் பதிவாக அதைச் சொல்லமாட்டேன்.

நீண்ட இசைக்குப் பழகாதவர்களுக்கும், 'மேற்கத்திய செவ்வியல் என்றாலே தூக்கம் வரும்' என்று பயந்தவர்களுக்கும் 1955ன் பதிவு நல்ல வாசல். வயலின் கற்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

## மெனுஹின், ஃபுர்ட்வெங்ளர் (1953)

இதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது எனக்குக் கஷ்டம்.

போர் முடிந்த பிறகு ஃபுர்ட்வெங்ளர் மேடையேறத் தடை இருந்தது. நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறாமல் இசை நடத்தியவர் என்பதால் விசாரணை நடந்தது. அதில் விடுவிக்கப்பட்டு 1947ல் திரும்பி வந்தார். அந்த வருடமே யூதரான மெனுஹின் பெர்லின் போய் அவரோடு இதே கான்செர்டோவை வாசித்தார். அதற்காக மெனுஹின் கடுமையான கண்டனங்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. 1947ல் லூசெர்னில் இருவரும் சேர்ந்து செய்த பதிவு ஒன்று உண்டு. 1953ல் ஃபில்ஹார்மோனியாவோடு மீண்டும் செய்தார்கள். 1954 நவம்பரில் ஃபுர்ட்வெங்ளர் இறந்துவிட்டார்.

இந்த வரலாறு தெரியாமல் கேட்டாலும் பதிவு தானே பேசும். ஃபுர்ட்வெங்ளரிடம் தாளம் கடிகாரம் போல ஓடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இசைக்குழு கொஞ்சம் தயங்கி, கனத்தைச் சேர்த்துக்கொண்டு நகரும். அடித்தள வாத்தியங்கள் முதலில் ஊன்றிக்கொள்ள, மேலே உள்ளவை அதன் மேல் அமரும். ஐந்து தட்டுகள் தூரத்தில் கேட்கும் காலடி போல இருக்கின்றன. டி ஷார்ப் வரும்போது ஒரு கதவு திறந்து மூடியது போல மனது ஒரு நொடி நிற்கும்.

மெனுஹினின் வயலின் மனிதக் குரலுக்கு மிக அருகில் இருக்கிறது. சில இடங்களில் வில் நடுங்குகிறது, மேல்ஸ்தாயியில் சுருதி மயிரிழை விலகுகிறது. ஹைஃபெட்ஸிடம் இது நடக்காது. ஆனால் ஜி மைனர் இடத்துக்கு வாருங்கள். இருவரும் வேகத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விடுகிறார்கள். ஒருவர் ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்ததை மெதுவாகச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவர் குறுக்கிடாமல் கேட்கிறார், அப்படி ஒரு நெருக்கம் அங்கே இருக்கிறது. இரண்டாம் பகுதியைக் கேட்கும்போது நான் இன்றும் வேறெந்த வேலையும் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.

விலை என்ன? மோனோ ஒலி முதலாவது. காற்று வாத்தியங்களின் நிறங்கள் தனித்தனியாகத் தெரியாது. ஒரே பதிவைப் பல நிறுவனங்கள் பல விதமாகத் துப்புரவு செய்து வெளியிட்டிருப்பதால், சத்தத்தை அதிகமாக நீக்கப்போய் வயலினின் உயிரையும் சேர்த்து நீக்கிய வடிவங்களும் உலவுகின்றன. இரண்டு மூன்று வடிவங்களின் முதல் ஐந்து நிமிடத்தை ஒப்பிட்டு, வில் தந்தியில் உரசும் சத்தம் எதில் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், பின்னணியில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது விலை, இந்த அணுகுமுறைக்குக் காது பழகிவிட்டால் சீரான தாளத்தில் வாசிப்பவர்கள் எல்லாரும் மேலோட்டமாகத் தோன்றத் தொடங்குவார்கள்.

பழைய ஒலி உங்களுக்குத் தடையில்லை, இசையில் கனத்தைத் தேடுகிறீர்கள் என்றால் இதுதான். மற்றவர்களுக்கு இது இரண்டாவது பதிவாக இருக்கட்டும்.

## ஓய்ஸ்ட்ராக், க்ளூய்டென்ஸ் (1958)

நேரத்தை மட்டும் பார்த்தால் இதுவும் மெனுஹின் பதிவும் கிட்டத்தட்ட ஒன்று. கேட்டால் ஒன்றில்லை. ஓய்ஸ்ட்ராக் மெதுவாகத்தான் வாசிக்கிறார், ஆனால் தாளம் அசையாமல் நிற்கிறது. அகன்ற ஆறு ஓடுவது போல, நகர்வது தெரியாமலே நகர்கிறது. ஒலி நிறைந்தது, இனிமையானது, எங்கும் அழுத்தித் திணித்ததில்லை. இசைக்குழு பிரெஞ்சுக்காரர்களுடையது. காற்று வாத்தியங்களுக்கு மெல்லிய, கூரான ஒரு நிறம் இருக்கிறது, அது ஓய்ஸ்ட்ராக்கின் செழுமையான வயலினுக்கு அழகாக மாற்றாக அமைகிறது.

விலை குறைவு. ஸ்டீரியோ என்றாலும் பழைய காலத்தது, உச்சத்தில் இசைக்குழு கொஞ்சம் கரகரக்கும். ஆபத்தைத் தேடுகிறவர்களுக்கு இதில் ஆபத்து போதாது. ஆனால் இதைக் கேட்டு வளர்ந்த காது மற்ற எதையும் வெறுக்காது. வேகமானதும் ஒத்துக்கொள்ளும், மெதுவானதும் ஒத்துக்கொள்ளும்.

இதே நடுவழியில் இன்னும் தெளிவான ஒலி வேண்டுமென்றால் பெர்ல்மன், ஜூலினி நடத்திய ஃபில்ஹார்மோனியாவோடு 1980ல் செய்த பதிவு இருக்கிறது. இனிமைக்கு அதில் குறையே இல்லை. ஒரு தடவைக்கு ஒரு தடவை புதிதாக ஏதாவது தருகிறதா என்றால், எனக்கு ஓய்ஸ்ட்ராக்தான்.

## முட்டர், காராயன் (1979)

முட்டருக்கு அப்போது 16 வயது. காராயன் நெய்து கொடுத்த பட்டு விரிப்பு போன்ற இசைக்குழு ஒலி, அதன் மேல் எந்த அவசரமும் இல்லாத வயலின். முதல் பகுதி மட்டும் 26 நிமிடத்தைத் தாண்டுகிறது. அந்த வயதில் ஒருவர் இவ்வளவு நீண்ட வாக்கியங்களை அறுந்துவிடாமல் தாங்கியது பெரிய விஷயம், அதை மனதாரச் சொல்ல வேண்டும்.

ஆனால் இது யாருடைய பார்வை என்று கேட்டால் காராயனுடையது என்றுதான் சொல்வேன். டி ஷார்ப் உறுத்துவதில்லை, மூலைகள் எல்லாம் மழுங்கியிருக்கின்றன. 2002ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு, குர்ட் மாசுர் நடத்த, முட்டர் இதையே மீண்டும் பதிவு செய்தார். அதில் அவருடைய சொந்த விருப்பங்கள் வரிக்கு வரி தெரியும். இரவில் விளக்கணைத்துக் கேட்க 1979 பதிவு நல்ல துணை. முதல் பதிவாக வேண்டாம். 'அலெக்ரோ' என்ற சொல்லை மறக்க வைத்துவிடும்.

## ஃபௌஸ்ட், அப்பாடோ (2010)

இங்கே காட்சியே மாறுகிறது. சின்ன இசைக்குழு. ஒலி ஊடுருவிப் பார்க்கக்கூடிய அளவுக்கு மெலிந்தது. பஸ்ஸூன் என்ன சொல்கிறது, வயோலா எங்கே நகர்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. இசபெல் ஃபௌஸ்ட் வைப்ராட்டோவை, அதாவது விரல் அசைவால் சுரத்துக்கு வரும் நடுக்கத்தை, சிக்கனமாகத்தான் பயன்படுத்துகிறார். அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டே பழகிய நமக்கு, அது இல்லாத ஒரு வெறும் சுரம் எவ்வளவு தனிமையாக ஒலிக்கும் என்பது இதில்தான் புரியும். அவர் வாசிப்பது 1704ல் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவாரி வயலின்.

வேகம் ஹைஃபெட்ஸுக்கு அருகில் இருக்கிறது, ஆனால் விரட்டல் இல்லை. ஜி மைனர் இடத்தில் அவர் வேகத்தை விடக் குரலைத்தான் அதிகம் குறைக்கிறார். பிடில் முணுமுணுக்க, நாம் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்பாடோ ஒவ்வொரு இசைஞரையும் மற்றவரைக் கேட்டு வாசிக்க வைப்பார் என்று பெயரெடுத்தவர், அது இங்கே முழுதாகப் பலித்திருக்கிறது.

விலை: ஒலியின் ஏற்ற இறக்கம் அதிகம். பேருந்திலோ சமையலறையிலோ கேட்டால் மெல்லிய இடங்கள் காணாமல் போய்விடும். அமைதியான அறையோ நல்ல ஹெட்ஃபோனோ தேவை. கூடவே இணைந்திருப்பது ஆல்பன் பெர்க்கின் 1935ஆம் ஆண்டுக் கான்செர்டோ. அற்புதமான படைப்பு, ஆனால் புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும். தொகுப்பில் அதுதான் முதலில் வருகிறது. நேரே பீத்தோவனுக்குப் போங்கள், பெர்க்கை இன்னொரு நாள் கேட்கலாம்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால் பழைய காலத்து வாத்தியங்கள், குடல் தந்திகள் கொண்ட பதிவுகள் இருக்கின்றன. விக்டோரியா முல்லோவா – ஜான் எலியட் கார்டினர், பாட்ரிசியா கோபாச்சின்ஸ்கயா – ஃபிலிப் ஹெர்ரவேகே இரண்டும் முக்கியமானவை. கோபாச்சின்ஸ்கயா ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் தடவை கண்டுபிடிப்பவர் போல வாசிப்பார். சிலருக்கு அது தொந்தரவாக இருக்கும். நான் வருடத்துக்கு ஒருமுறையாவது அதைக் கேட்கிறேன், இந்தக் கான்செர்டோ ஒரு காலத்தில் புத்தம் புதிதாக இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள.

## கெடென்சா என்ற தனிக் கேள்வி

இரண்டு பதிவுகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறவர்களுக்குக் கெடென்சாவே முடிவைச் சொல்லிவிடலாம்.

ஃபிரிட்ஸ் க்ரைஸ்லர் எழுதியதுதான் அதிகம் கேட்கக் கிடைப்பது. அதன் சிறப்பு, முதல் பகுதியின் இரண்டு மெட்டுகளையும் ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கும் இடம். கேட்கக் கேட்க மனம் நிறையும். அதன் வாசனை மட்டும் பீத்தோவனின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. க்ரைஸ்லர் தானே வாசித்த 1926, 1936 பதிவுகளும் கிடைக்கின்றன. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்தப் பழைய பாணியைக் கேட்டால், நம் ஊர்ச் சங்கீதம் கேட்ட காதுகளுக்கு ஏதோ உறவு தட்டும்.

பீத்தோவன் இதே கான்செர்டோவைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். அந்த வடிவத்துக்கு அவரே கெடென்சா எழுதினார், அதில் டிம்பனியும் சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் கேட்ட தட்டுகள் மீண்டும் வந்து தனி வாத்தியத்தோடு உரையாடுவது போல அமையும். வோல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் அதை வயலினுக்குக் கொண்டுவந்து, 1962ல் ஓய்கன் யோகும் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மானிக்கோடு பதிவு செய்தார். ஃபௌஸ்டும் கோபாச்சின்ஸ்கயாவும் இந்த வழியில் வருகிறவர்கள்தான். முதல் தடவை கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஐந்து தட்டில் தொடங்கிய கதைக்கு அந்தத் தட்டுகள் திரும்பி வருவது பொருந்துகிறது.

கிதோன் க்ரெமர், நெவில் மாரினரோடு செய்த பதிவில் ஆல்ஃபிரட் ஷ்னிட்கேயின் கெடென்சாவை வாசிக்கிறார். நடுவே பிராம்ஸ், பார்டோக், பெர்க், ஷோஸ்டகோவிச் கான்செர்டோக்களின் துணுக்குகள் வந்து போகும். படைப்பை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு கேளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

## சரி, எதை எடுப்பது?

பழக்கமே இல்லாத ஒருவர் கேட்டால் நான் ஓய்ஸ்ட்ராக்கைக் கையில் கொடுப்பேன். பத்து நாள் வேறெதையும் கேட்காதீர்கள். அதற்கப்புறம் ஃபௌஸ்ட். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் காதுக்குப் புரிந்துவிட்டால், மெனுஹினையும் ஹைஃபெட்ஸையும் எந்த வரிசையில் கேட்டாலும் கெடுதல் இல்லை. நல்ல அறை, நல்ல கருவி, பொறுமை மூன்றும் ஏற்கெனவே இருக்கிறவர்கள் ஃபௌஸ்டிலேயே தொடங்கலாம்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஐந்து பதிவிலும் முதல் பகுதியில் கெடென்சா முடிந்த பிறகு வரும் இடத்தை மட்டும் கேளுங்கள். பகுதி முழுக்க இசைக்குழு பாடிக்கொண்டிருந்த அந்த எளிய இரண்டாம் மெட்டை, வயலின் அப்போதுதான் முதல்முறையாக முழுதாகத் தன் வாயால் சொல்கிறது, கீழ்த்தந்திகளில், ஏறக்குறைய கிசுகிசுப்பாக. ஓய்ஸ்ட்ராக் அங்கே ஒலியைக் குறைக்கிறார், ஆனால் வெப்பத்தைக் குறைப்பதில்லை. ஃபௌஸ்ட் வெறும் நூலாக்கி விடுகிறார். மெனுஹின் பேசுகிறார். எந்த இடத்தில் உங்கள் மூச்சு ஒரு நொடி நிற்கிறதோ, அந்தப் பதிவைத் தொடக்கத்திலிருந்து போடுங்கள்.